சுவருக்குப் பின்னால் ஓடிய தண்ணீர்

பிப்ரவரி 4

வாலுவின் அப்பாவுக்கு,

இங்கே நலம். நீங்களும் நலம் என்று வாலு சொல்லித் தெரிந்துகொண்டேன்.

போன் அவளுக்கு, கடிதம் நமக்கு என்று உங்கள் மகள் தீர்ப்புச் சொல்லி ஐந்து மாதம் ஆகிறது. போனில் பேசினால் நமக்கு மூன்றாவது நிமிஷம் சண்டை வந்துவிடுகிறதாம். கையால் எழுதினால் கை வலித்தாவது நிறுத்திவிடுவோமாம். பதினான்கு வயதில் இவ்வளவு வாய் எங்கிருந்து வந்ததோ. என் பக்கத்திலிருந்து இல்லை.

இந்த ஐந்து மாதத்தில் நீங்கள் மூன்று கடிதம் போட்டீர்கள். நான் ஒன்றுக்கும் பதில் போடவில்லை. கோபம் என்று வைத்துக்கொண்டாலும் சரி, வேலை என்று வைத்துக்கொண்டாலும் சரி, இரண்டும் உண்மைதான். இப்போது எழுதுவதும் சமாதானத்துக்கு இல்லை. ஒரு குழாய் விஷயம். எனக்குத் தெரிந்த பைப் ஃபிட்டர் நீங்கள் ஒருவர்தான்.

எங்கள் டயாலிசிஸ் பிரிவில் பத்து மெஷின், மூன்று ஷிஃப்ட். மாலை ஷிஃப்ட்டில் நாலாம் நம்பர் கட்டிலுக்கு ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் வருகிறார். ஊசி குத்தும்போது "பிரேக் போடுங்க, பிரேக் போடுங்க" என்று கத்துவார். போன வாரம் என்னைக் கூப்பிட்டார்.

"சிஸ்டர், வாரத்துல மூணு நாள் நாலு மணி நேரம் இங்க படுத்துக் கிடக்கறேன். இந்தச் சுவருக்குப் பின்னாடி ஒரு ஆறு ஓடிட்டே இருக்கே, அது எங்க போகுது?"

"எந்த ஆறு?"

"காதை வச்சுக் கேளுங்க."

வைத்தேன். ஓடியது. பன்னிரண்டு வருஷமாக அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம்தான் நிற்கிறேன், ஒரு நாளும் கேட்டதில்லை.

பின்னால் போய்ப் பார்த்தேன். தண்ணீரைச் சுத்தம் செய்யும் பெரிய மெஷின் அங்கேதான் இருக்கிறது. அது வரும் தண்ணீரை இரண்டாகப் பிரிக்கிறது. சுத்தத்திலும் சுத்தமானது நோயாளிகளின் மெஷினுக்கு வருகிறது. மீதி ஒரு குழாய் வழியாக நேரே சாக்கடைக்குப் போகிறது. கவனியுங்கள், அது நோயாளியைத் தொட்டு வந்த தண்ணீர் இல்லை. அதற்கு முன்பே பிரிந்து போகிற தண்ணீர். கண்ணாடி மாதிரி இருக்கிறது, உப்பு மட்டும் கொஞ்சம் கூடுதல். இருபது லிட்டர் வாளியைக் கீழே வைத்தேன். இரண்டு நிமிஷத்தில் நிரம்பி வழிந்தது. பதின்மூன்று மணி நேரம் மெஷின் ஓடுகிறது, நீங்களே பெருக்கிப் பாருங்கள். எட்டாயிரம் லிட்டருக்குக் கொஞ்சம்தான் குறைவு. தினமும்.

மறுநாள் மதியம் சூப்பரின்டெண்டென்ட் கூட்டம் போட்டார். கோடை வருகிறது, லாரித் தண்ணீர் போதாது, ஏப்ரல் பதினைந்திலிருந்து மாலை ஷிஃப்ட்டை மூடப்போகிறோம் என்றார். மாலையில் நாள்விட்டு நாள், பத்துப் பத்துப் பேராக வருகிற இருபது பேரும் இரண்டு மணி நேரம் தள்ளி இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். டயாலிசிஸ் முடிந்து எழுந்து நிற்கவே தள்ளாடுகிறவர்கள். போக இரண்டு மணி, வர இரண்டு மணி. பாதிப் பேர் நடுநடுவே விட்டுவிடுவார்கள். விட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் எழுத வேண்டியதில்லை.

பின்கட்டில் எங்கள் சலவைக்கூடம் இருக்கிறது. அதற்கு ஒரு நாளைக்கு ஏழாயிரம் லிட்டர் வேண்டும். வீணாகப் போகிற தண்ணீரை அங்கே கொண்டுபோக முடியுமா? இதுதான் கேள்வி. வேறொன்றும் இல்லை.

இப்படிக்கு,
வாலுவின் அம்மா

அப்பா, அம்மா இந்த லெட்டரை நாலு தடவை எழுதிக் கிழிச்சாங்க. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. — வாலு


பிப்ரவரி 15

என் அன்புள்ள சிஸ்டர் அம்மாவுக்கு,

உன் கடிதம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்தது. உறையில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் கையில் இருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டேன். யாருக்கோ உடம்பு சரியில்லை என்றுதான் முதலில் பயந்தேன். பிறகு பார்த்தால் குழாய்! உலகத்தில் எந்தப் புருஷனுக்காவது இப்படி ஒரு நல்ல செய்தி வந்திருக்குமா?

குழாய் வருகிற பகுதியை மட்டும் கூட வேலை செய்கிற பசங்களுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். மற்றதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். பன்னிரண்டு ஃபிட்டர்கள், ஒரு சாப்பாட்டு மேஜை. சாப்பாடு ஆறிப்போனது. எட்டாயிரம் லிட்டரா என்று வாயைப் பிளந்தார்கள். நாங்கள் இங்கே கட்டுகிற கட்டடத்தில் இருபத்தெட்டு மாடிக்குக் குழாய் இழுக்கிறோம், ஆனால் எவனும் இவ்வளவு ஆர்வமாக ஒரு நாளும் பேசினதில்லை.

வரைபடம் இதோடு இருக்கிறது. மிகவும் சுலபம். வெளியே போகிற குழாயில் நல்ல அழுத்தம் இருக்கும். அதைச் சாக்கடையிலிருந்து கழற்றி, அப்படியே மூடின குழாயாகச் சலவைக்கூடத்து மொட்டைமாடித் தொட்டிவரை ஏற்றிவிடு. மெஷினே தண்ணீரைத் தள்ளிக்கொடுக்கும். தனி மோட்டாரே வேண்டாம்! இந்த யோசனை எனக்குக் குளிக்கும்போது வந்தது.

ஆஸ்பத்திரி பிளம்பரிடம் நான் வரைந்தபடி அப்படியே செய்யச் சொல். கூடக் குறையப் பேசினால் என்னிடம் பேசச் சொல். நீ ஒன்றும் குழப்பிக்கொள்ளாதே. எல்லாம் யோசித்துத்தான் வரைந்திருக்கிறேன்.

வாலுவுக்கு முத்தம். அவள் எதுவும் சொல்லவில்லை.

உன்,
ஃபோர்மேன்


பிப்ரவரி 26

வாலுவின் அப்பாவுக்கு,

உங்கள் வரைபடத்தை மாதத்துக்கு ஒரு முறை மெஷினைப் பார்க்க வருகிற மெக்கானிக்கிடம் காட்டினேன். நல்ல வேளையாகக் காட்டினேன். அவர் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"சிஸ்டர், உங்க வீட்டுக்காரர் பைப்புல பெரிய ஆளா இருக்கலாம். ஆனா இந்த மெஷினுக்கு வெளிய விடற மூச்சை அடைக்கக் கூடாது. குழாயை மூடி மேல ஏத்தினா அழுத்தம் திரும்பி உள்ள வரும், சல்லடை கெட்டுப் போகும். என்னிக்காவது தொட்டித் தண்ணி பின்னாடி இழுத்துக்கிட்டு உள்ள வந்துச்சுன்னா, படுத்திருக்கறவங்க கதி?"

தண்ணீர் திறந்த வெளியில் ஒரு சாண் உயரத்திலிருந்து விழ வேண்டுமாம். குழாய் வாயும் தொட்டித் தண்ணீரும் ஒன்றையொன்று தொடவே கூடாதாம். அப்படி விழுந்ததை மோட்டார் வைத்துத்தான் மேலே ஏற்ற வேண்டும்.

நான் அவர் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். என் பத்து நோயாளிகள் சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருந்தார்கள்.

நீங்கள் தப்பாக வரைந்ததில் எனக்குக் கோபமில்லை. டயாலிசிஸ் உங்கள் தொழில் இல்லை. "அப்படியே செய்யச் சொல், குழப்பிக்கொள்ளாதே, எல்லாம் யோசித்துத்தான் வரைந்திருக்கிறேன்" என்று எழுதினீர்களே, அதுதான். மூன்று வருஷத்துக்கு முன்னால், வெளிநாட்டு வேலைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து, நான் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தபோது இதே வார்த்தையைச் சொன்னீர்கள். "எல்லாம் யோசிச்சுத்தான் செஞ்சேன்." யோசித்தது ஒரு தலை. அந்த வீட்டில் மூன்று தலை இருந்தது. போக வேண்டாம் என்று நான் சொல்லியிருப்பேனோ மாட்டேனோ, எனக்கே தெரியாது. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

விஷயத்துக்கு வருகிறேன். இன்னொரு தடையும் வந்திருக்கிறது. சலவைக்கூடத்து மாஸ்டர். துணியில் ஒரு புள்ளி இருந்தால் தூங்க மாட்டார், நாங்கள் அவரை "பளிச்" என்போம். அவரிடம் போய்ச் சொன்னேன். வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார்.

"டயாலிசிஸ் தண்ணியா? ரத்தத் தண்ணியில துணி துவைக்கச் சொல்றீங்களா சிஸ்டர்? அதுக்கு நான் வேலையையே விட்டுட்டுப் போறேன்!"

ரத்தமே படாத தண்ணீர் என்று அரை மணி நேரம் சொன்னேன். காதில் ஏறவில்லை. சூப்பரின்டெண்டென்ட்டிடம் போனால் எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "பார்க்கலாம்." அவருக்கு அதுவே பெயராகிவிட்டது. மிஸ்டர் பார்க்கலாம்.

ஏழு வாரம்தான் இருக்கிறது. வேறு வரைபடம் வேண்டும். இந்த முறை கேட்டுவிட்டு வரையுங்கள்.

இப்படிக்கு,
வாலுவின் அம்மா


மார்ச் 8

அன்புள்ள உனக்கு,

நீ சொன்னதுதான் சரி. நான் வரைந்தது தப்பு.

இந்த இரண்டு வாக்கியத்தையும் வெட்டி எடுத்துச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டிக்கொள். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் நான் எழுதிக் கொடுத்தது இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் கோபம்தான் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். யாரோ ஒரு மெக்கானிக் என் வரைபடத்தைப் பார்த்துச் சிரிப்பதா? என்னிடம் இருந்த நகலை மேஜையில் போட்டுப் பசங்களிடம் நியாயம் கேட்டேன். எங்களில் மூத்த ஃபிட்டர் ஒருவர் இருக்கிறார், அதிகம் பேச மாட்டார். படத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அந்தக் கட்டில்ல உன் பொண்ணு படுத்திருந்தா இந்த மாதிரி வரைஞ்சிருப்பியா?" என்றார். அந்த நகலை அங்கேயே கிழித்துப் போட்டேன்.

நீ இன்னொன்றும் எழுதியிருந்தாய். அதற்கும் பதில் சொல்ல வேண்டும். அன்றைக்கு உன்னைக் கேட்காமல் கையெழுத்துப் போட்டதற்குக் காரணம் யோசனை இல்லை. பயம். கேட்டால் வேண்டாம் என்பாய், நீ வேண்டாம் என்றால் என்னால் போக முடியாது, அது எனக்குத் தெரியும். இருபத்தெட்டு மாடிக் கட்டடம் என் வாழ்க்கையில் இன்னொரு தடவை வராது என்று ஆசைப்பட்டேன். ஆசையை யோசனை என்று சொல்லி உன் முன்னால் வைத்தேன். இதை ஒப்புக்கொள்ள எனக்கு மூன்று வருஷமும் ஒரு டயாலிசிஸ் மெஷினும் தேவைப்பட்டிருக்கிறது.

சரி, இப்போது கேட்கிறேன். மெஷின் அறையிலிருந்து சலவைக்கூடத்துக்கு எத்தனை அடி? நடுவில் என்ன இருக்கிறது, ஸ்ட்ரெச்சர் போகிற வழியா, வண்டி நிற்கிற இடமா? சும்மா கிடக்கிற தொட்டி எங்காவது உண்டா? தரை எந்தப் பக்கம் சாய்கிறது? சலவை எத்தனை மணிக்குத் தொடங்குகிறது? அந்தப் பளிச் மாஸ்டருக்கு உண்மையில் பயம் எதன் மேல், தண்ணீர் மேலா, பழி மேலா? எனக்குத் தெரிந்து நல்ல வேலைக்காரன் ஒருவன் புதுசாக ஒன்றை எதிர்த்தால், கெட்டுப்போனால் தன்னைத்தான் சொல்வார்கள் என்றுதான் எதிர்ப்பான். அவரிடம் ஒன்றும் சொல்லாதே. கேள்.

நீ அளந்து எழுது. நான் காத்திருக்கிறேன்.

உன்,
நான்


மார்ச் 19

அன்புள்ள வாலுவின் அப்பாவுக்கு,

சட்டம் போட வாலு கிளம்பிவிட்டாள். நான்தான் தடுத்து வைத்திருக்கிறேன். அந்தக் கடிதம் இப்போது என் சேலை அலமாரியில் இருக்கிறது.

நீங்கள் கேட்டதெல்லாம் தனித்தாளில் எழுதி இணைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வாலுவும் நானும் டேப் பிடித்து அளந்தோம். நூற்றெண்பத்திரண்டு அடி. நடுவில் ஒரு வேப்பமரமும் டாக்டர்களின் இரண்டு கார்களும். ஜெனரேட்டர் கொட்டகைக்குப் பின்னால் ஐயாயிரம் லிட்டர் தொட்டி ஒன்று குப்புறக் கிடக்கிறது, உள்ளே பூனை குட்டி போட்டிருக்கிறது. குட்டிகளை வாலு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். மூன்று. என்னைக் கேட்காமல்தான். இது எந்தப் பரம்பரை என்று நான் சொல்ல மாட்டேன்.

மாஸ்டர் கதையைக் கேளுங்கள். நீங்கள் சொன்னபடி இந்தத் தடவை ஒன்றும் சொல்லாமல் போய் உட்கார்ந்து கேட்டேன். உங்களுக்கு என்ன கவலை மாஸ்டர் என்றேன். துணி மடித்துக்கொண்டே சொன்னார்.

"ஆபரேஷன் தியேட்டர் துணி என் கையாலதான் போகுது சிஸ்டர். நாளைக்கு யாருக்காவது புண்ணு சீழ் பிடிச்சா, தண்ணியையா கேப்பாங்க? என்னைத்தான் கேப்பாங்க."

நீங்கள் சரியாகச் சொன்னீர்கள். (இதைச் சட்டம் போட வேண்டாம்.)

நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து போய்ப் பரிசோதனைக்கூடத்து டாக்டரம்மாவிடம் தண்ணீரைக் கொடுத்தோம். மூன்று நாள் வைத்துப் பார்த்து, கிருமி விஷயத்தில் நகராட்சித் தண்ணீரை விட இது மேல் என்று எழுதிக் கொடுத்தார். மாஸ்டர் அந்தத் தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். ஆனாலும் மனசு ஆறவில்லை. மறுநாள் வீட்டிலிருந்து ஒரு வெள்ளைச் சட்டை கொண்டுவந்தார். அவருடைய கல்யாணச் சட்டையாம். இருபத்திரண்டு வருஷமாக அதை வேறு யாரும் துவைத்ததில்லையாம்.

"இதுல ஒரு மங்கல் தெரிஞ்சாலும் உங்க திட்டத்துக்கு ஒரு கும்பிடு."

இரண்டு வாளித் தண்ணீர் கொண்டுவந்து வைத்தோம். வழக்கமாகப் போடுகிற அளவு சோப்புத் தூள் போட்டார். கையால் கலக்கினார். நுரை வந்தது. வந்துகொண்டே இருந்தது! வாளியைத் தாண்டி, முழங்கையைத் தாண்டி, தரையில் இறங்கி, வாசல்வரை போனது. சலவைக்கூடத்தில் இருக்கிற ஆறு பேரும் வேலையை விட்டுவிட்டு வந்து நின்று பார்த்தார்கள். விஷயம் இதுதான்: மெஷினுக்குள் போவதற்கு முன்பே தண்ணீரின் கடுமையை எடுத்துவிடுகிறார்கள், அதனால் வெளியே வருவதும் மெதுத் தண்ணீர். இங்கே குழாய்த் தண்ணீரில் மல்லுக்கட்டினாலும் நுரை வராது. மாஸ்டர் தாடியெல்லாம் நுரையோடு என்னைப் பார்த்து, "இவ்வளவு நாளா இதையா சிஸ்டர் சாக்கடையில ஊத்துனீங்க?" என்று என்னையே திட்டினார்.

இப்போது அவர்தான் சூப்பரின்டெண்டென்ட்டின் அறை வாசலில் தினமும் நிற்கிறார். நேற்று மிஸ்டர் பார்க்கலாம் ஒருவழியாக வேறு வார்த்தை பேசினார்: "ஒரு வாரம் ஓட்டிக் காட்டுங்க." ஏப்ரல் எட்டுக்குள் குழாய் போட வேண்டும்.

உடனே வரைந்து அனுப்புங்கள்.

அன்புடன்,
வாலுவின் அம்மா


மார்ச் 29

அன்பே,

வரைபடம் இதோ. மூன்று தாள். பன்னிரண்டு பேரும் கைவைத்திருக்கிறார்கள், அதனால்தான் ஓரத்தில் டீக் கறை. வேப்பமரத்தைத் தொடவில்லை, சுற்றிப் போகிறது. நாலு திருப்பம் கூடுதல், பரவாயில்லை.

தண்ணீர் கீழே அந்தப் பூனைத் தொட்டிக்குள் ஒரு சாண் உயரத்திலிருந்து விழும், அங்கிருந்து மோட்டார் மேலே ஏற்றும். அதை உன் மெக்கானிக்கிடம் காட்டி, அவர் தலையாட்டினால் மட்டும் அடுத்த வேலை. குழாய் முழுக்க ஊதா நிறம் அடிக்கச் சொல். ஐந்து வருஷம் கழித்து வருகிற எவனாவது இதைக் குடிதண்ணீர்க் குழாயோடு சேர்த்துவிடக் கூடாது. தொட்டி நிரம்பி மிஞ்சுவது கழிவறைகளுக்குப் போகட்டும், செடிக்கு வேண்டாம், உப்பு ஆகாது. மொட்டைமாடித் தொட்டி நிறைந்ததும் மோட்டாரை நிறுத்துகிற மிதவை ஒன்று மேலே இருக்கும். அது சிக்கிக்கொள்ளும் குணம் உள்ளது. முதல் நாள் யாராவது பக்கத்திலேயே நிற்க வேண்டும். இதை மறந்துவிடாதே.

ஒரு வேலைக்கு நான் பக்கத்தில் இல்லையே என்று இதுவரை வருத்தப்பட்டதில்லை. முதல் தடவையாகப் படுகிறேன். இந்தக் கட்டடத்தின் இருபத்தெட்டாம் மாடியில் தண்ணீர் வந்தபோது இன்ஜினியர்கள் கை கொடுத்தார்கள். நல்லாத்தான் இருந்தது. ஆனால் அங்கே குளிக்கப் போகிறவர் யார் என்று எனக்குத் தெரியாது. நாலாம் நம்பர் கட்டில் டிரைவரை எனக்குத் தெரியும். ஊசி குத்தும்போது பிரேக் போடச் சொல்வார்.

எப்படி ஓடியது என்று உடனே எழுது. பசங்களும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

உன்,
நான்


ஏப்ரல் 17

அன்புள்ள உங்களுக்கு,

ஓடியது! ஓடுகிறது! இன்றோடு ஒன்பதாவது நாள்!

முதல் நாளைச் சொல்லாமல் இருக்க முடியாது. எல்லாரும் வந்திருந்தார்கள். மெக்கானிக் வந்து கையை நீட்டி ஒரு சாண் இருக்கிறதா என்று அளந்து பார்த்துவிட்டு, "உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க, நல்ல மாணவர்" என்றார். கோபித்துக்கொள்ளாதீர்கள். டிரைவர் தன் டயாலிசிஸுக்கு ஒரு மணி நேரம் முன்பே வந்து, சக்கர நாற்காலியில் பின்கட்டுக்குத் தள்ளிக்கொண்டு போகச் சொன்னார். மோட்டாரைப் போட்டதும் வாயாலேயே ஹாரன் அடித்தார். ஆஸ்பத்திரியில் சத்தம் போடக் கூடாது என்று யாருக்கும் நினைவே இல்லை.

மொட்டைமாடியில் தொட்டி நிரம்பியது. மிதவை பக்கத்தில் ஆள் நிற்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். மாஸ்டர்தான் நின்றார். ஆனால் கீழே எல்லாரும் கைதட்டுகிற சத்தம் கேட்டு, எட்டிப் பார்க்க வந்துவிட்டார். மிதவை சிக்கிக்கொண்டது. தண்ணீர் மொட்டைமாடி விளிம்பைத் தாண்டி, நேர் கீழே நின்ற மிஸ்டர் பார்க்கலாம் தலையில் கொட்டியது. கோட்டு, டை, மூக்குக்கண்ணாடி, எல்லாம். அவர் நகரவே இல்லை. அவர் மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றி, நெற்றியில் வழிந்த தண்ணீரைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இவ்வளவு தண்ணி இருக்கா நம்மகிட்ட?"

அப்புறம் சிரித்தார். அவருக்குப் பல் இருக்கிறது என்று பன்னிரண்டு வருஷத்தில் அன்றைக்குத்தான் தெரிந்தது.

மாலை ஷிஃப்ட் மூடப்படவில்லை. இருபது பேரும் இங்கேயே வருகிறார்கள். லாரி தினமும் ஒன்று குறைந்துவிட்டது. சோப்புத் தூள் பாதி போதும் என்கிறார் மாஸ்டர். உத்தரவு நோட்டீஸ் பலகையில் ஒட்டப்பட்டதும் நான் போய் நின்று படித்தேன். படித்துவிட்டு மருந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நன்றாக அழுதேன். துக்கமில்லை. டிரைவரின் மனைவி ஒரு வாரமாக யாரிடமும் சொல்லாமல் அந்தத் தூரத்து ஆஸ்பத்திரிக்குப் போகிற பஸ் நேரங்களை விசாரித்துக்கொண்டிருந்தாராம். அதைக் கேட்டதும் அடக்க முடியவில்லை.

இன்னொன்று தொடங்கிவிட்டது. தியேட்டர் சிஸ்டர் வந்து, எங்கள் பக்கம் என்னென்ன வீணாகிறது பார்க்க வா என்று கூப்பிடுகிறாள். ஒரு ஆபரேஷனுக்கு முப்பத்தொன்பது கருவிகளைத் தட்டில் வைத்து நீராவியில் வேகவைக்கிறார்களாம், டாக்டர் தொடுவது பதினாறுதானாம். ஒருமுறை போட்டுத் தூக்கி எறிகிற ஆபரேஷன் கவுனுக்குப் பதிலாகத் துணிக் கவுன் துவைத்துத் தருகிறேன் என்கிறார் மாஸ்டர். எல்லாருக்கும் காது திறந்துவிட்டது. எந்தச் சுவரைக் கண்டாலும் நின்று கேட்கிறார்கள்.

உங்கள் பன்னிரண்டு பேருக்கும் என் நன்றி. உங்களுக்கு நன்றி சொல்ல வரவில்லை. வேறு ஏதோ சொல்ல வருகிறது. அது இன்னும் வார்த்தையாகவில்லை.

அன்புடன்,
உங்கள் மனைவி


ஏப்ரல் 29

என் அன்புக்கு,

உன் கடிதத்தை மேஜைமேல் ஏறி நின்று படித்தேன். சூப்பரின்டெண்டென்ட் நனைந்த இடத்தை மூன்று தடவை படிக்கச் சொன்னார்கள். அன்றைக்கு மதியம் யாரும் ஒழுங்காக வேலை செய்யவில்லை. "நல்ல மாணவர்" என்று இப்போது என்னைக் கூப்பிடுகிறார்கள். உன்னால் வந்தது.

மே முப்பதாம் தேதி லீவில் வருகிறேன். ஆனால் அதற்கு முன் ஒரு விஷயம். அடுத்த மாதத்தோடு என் ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் இரண்டு வருஷத்துக்குப் புதுசு கொடுத்திருக்கிறார்கள். மேலாளர் பேனாவைத் திறந்து கையில் கொடுத்தார். நான் மூடி வைத்துவிட்டு, வீட்டில் கேட்க வேண்டும் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

அந்தத் தாளைக் கொண்டுவருகிறேன். கையெழுத்து இல்லாமல். இங்கே வேலை எனக்குப் பிடித்திருக்கிறது, அதை மறைக்கவில்லை. உங்கள் இருவரையும் பார்க்காமல் இருப்பது பிடிக்கவில்லை, அதையும் மறைக்கவில்லை. உனக்கு என்ன வேண்டும்? போகச் சொன்னாலும் இருக்கச் சொன்னாலும் முகம் சுளிக்க மாட்டேன். ஆனால் "உங்கள் இஷ்டம்" என்று மட்டும் எழுதாதே. எனக்குத் தெரிய வேண்டியது உன் இஷ்டம்.

உன்,
நான்


மே 31, காலை

என்னங்க,

உள் அறையில் நன்றாகத் தூங்குகிறீர்கள். இரண்டு பூனைக்குட்டி உங்கள் காலடியில், ஒன்று தலைமாட்டில். எனக்கு ஆறரை பஸ். எழுப்ப மனம் வரவில்லை.

உங்கள் போன கடிதத்துக்குப் பதில் போடவில்லை. நேற்று நீங்கள் வந்ததும் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். நீங்கள் வாசலில் பெட்டியோடு நின்று, "உள்ள வரலாமா?" என்று கேட்டீர்கள். சொந்த வீட்டில் அனுமதி கேட்கிற மனுஷனைப் பார்த்து எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து, பேச வேண்டியதெல்லாம் போய்விட்டது. நீங்களும் அந்தத் தாளை மேஜையில் வைத்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை. வாலு நம் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நீங்க லெட்டரே எழுதிக்கலாம், பரவாயில்ல" என்று படுக்கப் போய்விட்டாள்.

ஆகவே எழுதுகிறேன்.

எனக்கு நீங்கள் இங்கே வேண்டும். என் இஷ்டம் அதுதான். முதலிலிருந்தே அதுதான். நீங்களாகப் புரிந்துகொள்ள வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். டிரைவர் வாய் திறந்து கேட்டதால்தான் எனக்குத் தண்ணீர் ஓடுவது தெரிந்தது. நான் மட்டும் மூன்று வருஷமாக ஒன்றும் சொல்லாமல், உங்களுக்குத் தெரியவில்லையே என்று கோபப்பட்டேன். அது என் தப்பு. எழுதிக் கொடுத்துவிட்டேன், நீங்களும் வேண்டுமானால் சட்டம் போட்டுக்கொள்ளலாம்.

ஆனால் போக வேண்டும் என்று ஆசை இருந்தால் போய் வாருங்கள். இந்தத் தடவை கோபம் வராது. நாங்கள் இருப்போம்.

இன்னொரு செய்தி. ஆஸ்பத்திரியில் குழாய், நீராவி வேலைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு மேற்பார்வையாளர் தேவை என்று விளம்பரம் கொடுக்கப்போகிறார்கள். கொதிகலன் பக்கம் நீராவி கண்டபடி வெளியே போகிறதாம். நான் உங்களுக்காக யாரிடமும் பேசவில்லை, பேசவும் மாட்டேன். வேண்டுமென்றால் எல்லாரையும் போல வரிசையில் நிற்க வேண்டும்.

டீ ஃபிளாஸ்கில் இருக்கிறது. பதினொரு மணிக்கு மேல் வந்தால் பின்கட்டைப் பார்க்கலாம். வாசலில் என் பெயரைச் சொல்லுங்கள்.

உங்கள்,
நான்


மே 31, மதியம்

என் அன்பே,

போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

வாசலில் உன் பெயரைச் சொன்னதும் காவலாளி எழுந்து நின்றார். மாஸ்டர் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டார், அவருக்கு என்னை விடக் கை பலம் அதிகம். ஊதாக் குழாய் முழுக்கக் கூடவே நடந்து காட்டினார். தண்ணீர் விழுகிற இடத்தில் கால் மணி நேரம் நின்றேன். எவ்வளவு நல்ல சத்தம் அது.

பிறகு உன் பிரிவுக்கு வந்தேன். கதவில் இருக்கிற கண்ணாடி வழியாகப் பார்த்தேன். நீ ஒரு பெரியவரின் கையைப் பிடித்து ஊசி போட்டுக்கொண்டிருந்தாய். அவர் என்னவோ சொன்னார், நீ சிரித்தாய். கூப்பிடவில்லை. அந்த நேரத்தில் கூப்பிட்டால் அவருக்கு வலித்திருக்கும். உன்னை வேலை செய்யும்போது நான் இதற்கு முன்னால் பார்த்ததே இல்லை என்பது அங்கே நின்றபோதுதான் உறைத்தது. கல்யாணமாகிப் பதினாறு வருஷம் ஆகிறது.

வீட்டுக்கு வந்து உனக்கு எழுத உட்கார்ந்தேன். ஒரு வெள்ளைத் தாள் கூட இல்லை. வாலுவின் நோட்டைக் கிழித்தால் உயிரை வாங்கிவிடுவாள். மேஜைமேல் இந்த ஒப்பந்தத் தாள்தான் இருந்தது. பின்பக்கம் காலியாக இருந்தது. நல்ல கெட்டித் தாள், மை ஊறவில்லை. எழுதிவிட்டேன். இனி இதில் வேறு கையெழுத்துப் போட முடியாது.

நான் இருக்கிறேன். அந்த வேலைக்கு வரிசையிலும் நிற்கிறேன். கிடைக்கவில்லை என்றால் வேறு பார்த்துக்கொள்ளலாம், சேர்ந்து யோசிக்கலாம்.

வேப்பமரத்தைத் தாண்டி மூன்றாவது திருப்பத்தில் ஒரு சொட்டு ஒழுகுகிறது. மாஸ்டர் பார்க்கவில்லை, நானும் சொல்லவில்லை, பாவம், தூங்க மாட்டார். நாளை சலவை தொடங்குவதற்குள் இறுக்கிவிடலாம். காலையில் ஆறரை பஸ்ஸுக்கு நானும் உன்னோடு வருகிறேன். ஜன்னல் சீட் உனக்கு.

உன்,
நான்